மகள் எப்போது வருவாள்? செல்போன் சொல்லும் நிமிடமும், வீட்டார் கேட்கும் கேள்வியும்

இரவு மணி 10-40.

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு சின்ன வீடு. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா ஓய்வு பெற்ற மில் தொழிலாளி. தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். இது மூன்றாவது தடவை.

மகளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இரண்டாவது ஷிப்டு முடிந்து, செல்போன் செயலியில் அழைத்த காரில் வந்துகொண்டிருக்கிறாள். காரில் ஏறியதும் தன் பயணத்தைப் பார்ப்பதற்கான லிங்க் ஒன்றைத் தம்பியின் செல்போனுக்கு அனுப்பியிருக்கிறாள். தம்பியோ தூங்கிவிட்டான். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் லிங்க் திறக்காது.

அம்மா மகனை எழுப்புகிறார்.

"என்னடா போட்டிருக்கு?"

"இன்னும் 34 நிமிஷம்னு காட்டுதும்மா."

பத்து நிமிடம் கழித்து மறுபடியும் எழுப்புகிறார்.

"இப்போ?"

"36 நிமிஷம்."

"நேரம் போகப் போகக் குறையணும். இது என்னடா கூடுது?" அப்பாவின் குரலில் கலக்கம்.

கார் சில்க் போர்டு சந்திப்பில் நெரிசலில் நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

11-28 மணிக்கு மகள் வந்து சேர்ந்தாள். "எதுக்குப் பயந்தீங்க? அதான் லிங்க் அனுப்பினேனே!" என்றாள்.

அவள் சொன்னதும் சரி. அவர்கள் பயந்ததும் சரி. ஸ்ரீராமபுரம் என்று இல்லை. அல்சூர், சிவாஜிநகர், விவேக்நகர் என்று நம்மவர்கள் வாழும் எந்தப் பகுதியிலும் இரவில் இப்படி ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

டிரைவர் எப்போது வருவார், கார் எப்போது வீடு போய்ச் சேரும் என்பதை மற்றவருக்கும் தெரிவிக்கும் வசதி இன்று ஏறத்தாழ எல்லா வாடகை வண்டிச் செயலிகளிலும் இருக்கிறது. பார்ப்பதற்கு அது ஒரு பொத்தான்தான். அதை அழுத்தினால் லிங்க் போகிறது.

ஆனால் வீட்டார் கேட்பது என்ன? "ஏறிவிட்டாளா? நல்லபடியாக வருகிறாளா? வந்துவிட்டாளா?" இந்த மூன்று கேள்விகள்தான். இவற்றுக்குப் பதில் சொல்லாமல் நிமிடத்தை மட்டும் காட்டும் செயலி, பாதி வேலையைத்தான் செய்கிறது.

ரெயில்வேயின் பழைய பாடம்

வண்டி வரும் நேரத்தை அடுத்தவருக்குச் சொல்லும் வேலை செல்போனோடு பிறந்தது அல்ல. ரெயில்வேயில் அது தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

ஒரு ஸ்டேஷனில் இருந்து வண்டியை அனுப்புவதற்கு முன், அடுத்த ஸ்டேஷனிடம் "லைன் கிளியர்" கேட்க வேண்டும். அவர்கள் கொடுத்த பிறகுதான் வண்டி கிளம்பலாம். கிளம்பியதும், "வண்டி புறப்பட்டுவிட்டது" என்று மணி அடித்து அடுத்த ஸ்டேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி அங்கே போய்ச் சேர்ந்ததும், "வண்டி வந்துவிட்டது" என்று அங்கிருந்து பதில் வர வேண்டும். இரண்டு நேரமும் பதிவேட்டில் ஏறும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. என்ஜின் உள்ளே வந்துவிட்டது என்பதற்காக "வந்துவிட்டது" என்று சொல்லிவிட முடியாது. கடைசிப் பெட்டியின் பின்னால் "எல்.வி." என்று எழுதிய பலகை தொங்கும். இரவில் சிவப்பு விளக்கு எரியும். அதைக் கண்ணால் பார்த்து, வண்டி முழுவதும் வந்துவிட்டது, நடுவழியில் ஒரு பெட்டியும் கழன்று நின்றுவிடவில்லை என்று உறுதி செய்த பிறகே அந்தச் செய்தி போகும். இப்போது பல இடங்களில் ஆக்சில் கவுண்டர் என்னும் கருவி சக்கர அச்சுகளை எண்ணி இந்த வேலையைச் செய்கிறது. கருவி மாறினாலும் விதி ஒன்றுதான்.

புறப்பட்டதும் ஒரு செய்தி, முழுவதுமாக வந்து சேர்ந்ததும் ஒரு செய்தி. இரண்டும் நடந்து முடிந்த உண்மை. இடையில் "இத்தனை மணிக்கு வரும்" என்று சொல்வதெல்லாம் மதிப்பீடு.

கண்ட்ரோல் அறையில் செக்ஷன் கண்ட்ரோலர் இந்த மதிப்பீட்டை வரைபடமாகவே போடுவார். ஒரு பக்கம் ஸ்டேஷன்கள், மறு பக்கம் மணி. ஸ்டேஷன்களில் இருந்து தகவல் வர வர, ஒவ்வொரு வண்டிக்கும் பென்சிலால் ஒரு கோடு நீளும். இன்று அதே கோட்டைக் கம்ப்யூட்டர் போடுகிறது. இஸ்ரோவின் உதவியுடன் உருவான கருவி பொருத்தப்பட்ட என்ஜின்கள், தாங்கள் இருக்கும் இடத்தை 30 வினாடிக்கு ஒரு முறை தெரிவிக்கின்றன.

கோலார் தங்கச் சுரங்கம் 2001-ம் ஆண்டு மூடப்பட்டது. அதன் பிறகு தங்க வயலில் இருந்து தினமும் ரெயிலில் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து போகும் தமிழர்கள் ஏராளம். வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க அவர்களில் பலர் செல்போனைத்தான் நம்புகிறார்கள். "வேர் இஸ் மை டிரெய்ன்" என்ற செயலி பெங்களூருவில் உருவானது. 2018-ம் ஆண்டு டிசம்பரில் அதைக் கூகுள் வாங்கியது. வண்டியில் இருப்பவரின் செல்போன் எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்பதை வைத்தே வண்டியின் இடத்தைச் சொல்லிவிடும். அதற்கு இணையதள வசதி கூடத் தேவை இல்லை.

ரெயிலுக்குத் தண்டவாளம் உண்டு. அது விலகிப் போக முடியாது. காருக்கும் ஆட்டோவுக்கும் அப்படி இல்லை. அங்கேதான் கணக்கு சிக்கலாகிறது.

நிமிடம் எங்கிருந்து வருகிறது?

"டிரைவர் 7 நிமிடத்தில் வருவார்" என்று செல்போன் காட்டுகிறது. அந்த 7 எங்கிருந்து வந்தது?

பூமியில் இருந்து சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சிக்னலை டிரைவரின் செல்போன் வாங்குகிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், தான் எங்கே இருக்கிறோம் என்று செல்போன் கணக்குப் போட்டுக்கொள்ளும். திறந்த வெளியில் சுமார் 5 மீட்டருக்குள் சரியாக இருக்கும். உயர்ந்த கட்டிடங்களுக்கு இடையே பிழை கூடும்.

செயற்கைக்கோளுக்கு டிரைவர் யார் என்று தெரியாது. செல்போன் கண்டுபிடித்த இடத்தை, சாதாரண செல்போன் சிக்னல் வழியாகத்தான் செயலி தன் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. ஆகவே சிக்னல் இல்லாத இடத்தில் கார் போனால், கார் ஓடிக்கொண்டே இருக்கும். படத்தில் மட்டும் நின்றுவிடும்.

அடுத்தது வழி. ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் குறுகிய வழி எது என்று கண்டுபிடிக்கும் கணக்கை, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்துக்காரர் 1956-ம் ஆண்டு உருவாக்கினார். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதம் பென்சில் இல்லாமல் 20 நிமிடத்தில் யோசித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றைய வழிகாட்டும் செயலிகளுக்கு அந்த வகைக் கணக்குதான் அஸ்திவாரம்.

வழி தெரிந்தால் மட்டும் போதாது. சாலையில் இப்போது எவ்வளவு வேகத்தில் போக முடியும்? இதே கிழமை, இதே மணிக்கு முன்பெல்லாம் எவ்வளவு நேரம் பிடித்தது? இவற்றையும் சேர்க்க வேண்டும். சாலைக் கணக்கு தரும் நேரத்தை முதலில் எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு தவறக்கூடும் என்பதைப் பழைய பயணங்களை வைத்துத் திருத்தும் முறையை உபேர் நிறுவனத்தின் என்ஜினீயர்கள் 2022-ம் ஆண்டு விளக்கி எழுதினார்கள். நேரத்தைக் குறைத்துச் சொல்வதால் வரும் நஷ்டமும், கூட்டிச் சொல்வதால் வரும் நஷ்டமும் ஒன்றல்ல என்பதற்கும் அதில் இடம் வைத்திருக்கிறார்கள்.

எங்கே தவறுகிறது?

சில்க் போர்டு பக்கத்தில் இருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஏறத்தாழ 10 கிலோ மீட்டர் நீளத்துக்கு மேம்பாலச் சாலை இருக்கிறது. 2010-ம் ஆண்டு திறக்கப்பட்டது. மேலே ஒரு சாலை, அதற்கு நேர் கீழே ஒரு சாலை. மேலே வாகனங்கள் பறக்கும். கீழே சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்.

வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடு. கார் மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதை ஜி.பி.எஸ்.சை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். தவறாக எடுத்துக்கொண்டால் வந்து சேரும் நேரமும் தவறிவிடும்.

இது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு. திடீரென்று மழை பிடித்துக்கொள்ளும். டிரைவர் முந்தைய சவாரியை இறக்கிவிட்டு வர வேண்டியிருக்கும். பயணி கேட்டுக்கு உள்ளே நிற்பார். கார் வெளியே நிற்கும். சந்துக்குள் எதிரே லாரி வந்து நிற்கும். எந்தக் கம்ப்யூட்டரும் இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லிவிடாது.

நிமிடம் தவறுவது குற்றம் அல்ல. தவறக்கூடிய ஒன்றைத் தவறாதது போலக் காட்டுவதுதான் குற்றம். "34" என்று ஒற்றை எண்ணைக் காட்டினால் பார்ப்பவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார். அது 36 ஆனதும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்கிறார்.

தகவல் கிடைப்பதே பெரிய ஆறுதல் என்பதிலும் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரப் பஸ் பயணிகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 2011-ம் ஆண்டு வெளியிட்டார்கள். பஸ் வரும் நேரத்தை உடனுக்குடன் செல்போனில் பார்த்தவர்கள், தாங்கள் சராசரியாக 7.5 நிமிடம் காத்திருந்ததாகச் சொன்னார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் சொன்னது 9.9 நிமிடம். உண்மையிலேயே காத்திருந்த நேரமும் சுமார் 2 நிமிடம் குறைந்திருந்தது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2016-ம் ஆண்டு இன்னொரு கேள்வி கேட்டார்கள். பஸ் வரும் நேரத்தை ஒரே எண்ணாகக் காட்டாமல், எந்தெந்த நேரத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று புள்ளிகளாகக் காட்டினால் என்ன? அப்படிக் காட்டியபோது, நிச்சயம் இல்லாத விஷயத்தையும் சாதாரணப் பயணிகள் சரியாகப் புரிந்துகொண்டு முடிவு எடுத்தார்கள் என்பது இதைத் தொடர்ந்த ஆய்வில் தெரிந்தது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புள்ளிக் கணக்குத் தேவை இல்லை. "11-10 முதல் 11-30-க்குள் வரலாம்" என்று சொன்னால் போதும். அந்த அம்மா 11-30 வரை வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்க மாட்டார்.

எப்போது வருவார் அல்ல, யார் வருகிறார்?

இந்த வசதி வெறும் சவுகரியத்துக்காக வந்தது அல்ல. அதன் பின்னால் கண்ணீர்க் கதைகள் உண்டு.

2005-ம் ஆண்டு டிசம்பரில், பெங்களூருவில் கால் சென்டர் ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் இரவுப் பணிக்குப் போகக் காத்திருந்தார். வழக்கமான டிரைவருக்குப் பதிலாகத் தான் வந்திருப்பதாக ஒருவன் சொன்னான். நம்பி ஏறினார். கொலை செய்யப்பட்டார். 2010-ம் ஆண்டு குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நகரத்தையே உலுக்கிய வழக்கு அது.

2014-ம் ஆண்டு டிசம்பரில் டெல்லியில், செயலி மூலம் அழைத்த காரில் சென்ற இளம்பெண் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதன் பிறகு 2015-ம் ஆண்டு இந்தியாவில் உபேர் செயலியில் அவசர உதவிப் பொத்தானும், வேண்டியவர்களுக்குப் பயண விவரத்தை அனுப்பும் வசதியும் சேர்க்கப்பட்டன. பிற செயலிகளிலும் இத்தகைய வசதிகள் வந்தன. 2017-ம் ஆண்டு கூகுள் வரைபடத்திலும், வாட்ஸ்அப்பிலும் ஒருவர் போகும் இடத்தை மற்றவர் நேரடியாகப் பார்க்கும் வசதி வந்தது. வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2005-ம் ஆண்டு நடந்த கொடுமை சொல்லும் பாடம் முக்கியமானது. வண்டி சரியான நேரத்துக்கு வந்துவிட்டது என்பதால் அது சரியான வண்டி ஆகிவிடாது. அதனால்தான் ஏறும்போது 4 இலக்க எண்ணைக் கேட்டுப் பயணத்தைத் தொடங்கும் முறை வந்தது. பயணியின் செல்போனில் வரும் அந்த எண்ணை டிரைவர் தன் செயலியில் பதிந்தால்தான் பயணம் தொடங்கும். ரெயில்வேயின் "லைன் கிளியர்" போன்றது இது. எண் சரியாகப் பொருந்திய அந்த நொடியில், "ஏறிவிட்டார்" என்ற முதல் செய்தி வீட்டுக்குப் போக வேண்டும்.

வடிவமைப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள்

பெங்களூருவில் செயலி எழுதும் நிறுவனங்களுக்குக் குறைவே இல்லை. நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றில் வேலை பார்க்கிறார்கள். இந்த வசதியை வடிவமைக்கும்போது அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வருமாறு:-

முதல் கேள்வி: யாருக்காக? பொத்தானை அழுத்துவது பயணி. ஆனால் பயன்படுத்துவது வீட்டில் இருப்பவர். அவரிடம் அந்தச் செயலி இருக்காது. நல்ல செல்போன் கூட இருக்காது. ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம். ஆகவே லிங்க்கோடு, பட்டன் போனிலும் படிக்கக்கூடிய எஸ்.எம்.எஸ். போக வேண்டும். அது வாங்குபவரின் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் போன் வழியே குரலில் சொல்லலாம்.

தமிழ் எஸ்.எம்.எஸ்.சில் ஒரு சங்கடம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.சுக்கு 160 எழுத்து அடங்கும். தமிழில் 70 தான். அதிலும் "கா" என்பது இரண்டாகக் கணக்காகும். அதனால் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். "கார் புறப்பட்டது 10-25. வருகை 11-10 முதல் 11-30." இது 70-க்குள் அடங்கிவிடும். வேண்டிய விஷயம் முழுவதும் இதில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: எப்போது பார்த்த தகவல்? படத்தில் கார் நிற்கிறது. உண்மையிலேயே நிற்கிறதா, சிக்னல் போய்விட்டதா? "கடைசியாகத் தகவல் வந்தது 10-48" என்று ஒரு வரி இருந்தால் வித்தியாசம் தெரியும். பழைய தகவலைப் புதியது போலக் காட்டக் கூடாது.

மூன்றாவது கேள்வி: எத்தனை முறை சொல்வது? நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடித்தால் மனிதர் பைத்தியமாகிவிடுவார். பிறகு அதைக் கவனிப்பதையே விட்டுவிடுவார். புறப்பட்டபோது ஒரு தடவை. சொன்ன நேரத்தைத் தாண்டப்போகிறது என்றால் காரணத்தோடு ஒரு தடவை. வந்து சேர்ந்ததும் ஒரு தடவை. அது போதும்.

நான்காவது கேள்வி: வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால்? வண்டி நெடுநேரம் நின்றுவிட்டால் செயலியே கவனித்துப் பயணியிடமும் டிரைவரிடமும் "நலமா?" என்று கேட்கும் வசதியை உபேர் 2018-ம் ஆண்டு அறிவித்தது. எடுத்ததுமே வீட்டாரைக் கலங்கடிக்காமல், முதலில் பயணியைக் கேட்பது நல்ல முறை. பதில் வராவிட்டால் வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஐந்தாவது கேள்வி: எப்போது முடிகிறது? இங்கேதான் பல செயலிகள் கோட்டை விடுகின்றன. டிரைவர் "பயணம் முடிந்தது" என்று அழுத்தியதும் லிங்க் அடங்கிவிடுகிறது. ஆனால் மெயின் ரோட்டில் இறங்கி, இருட்டுச் சந்தில் 200 மீட்டர் நடந்து வீட்டுக்கு வர வேண்டிய பெண்ணுக்கு அங்கே பயணம் முடியவில்லை. "வீட்டுக்கு வந்துவிட்டேன்" என்று பயணி அழுத்தும் வரை அது திறந்திருக்க வேண்டும். எல்.வி. பலகையைப் பார்த்த பிறகுதான் வண்டி வந்ததாகக் கணக்கு!

வந்த பிறகோ, அது நிச்சயமாக மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாதுகாப்புக்காகக் கொடுத்த லிங்க், வேவு பார்க்கும் கருவி ஆகிவிடும். 2023-ம் ஆண்டு நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவரின் தகவலை எந்த நோக்கத்துக்காக வாங்குகிறார்களோ அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். வயது வந்த மகள் எங்கெங்கே போகிறாள் என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது பாசம் ஆகாது என்பதையும் வீட்டார் உணர வேண்டும்.

டிரைவருக்கும் ஒரு வீடு உண்டு

இந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். அவர்தான் டிரைவர். பெங்களூருவில் ஆட்டோவும் காரும் ஓட்டிப் பிழைக்கும் தமிழர்கள் நிறைய உண்டு.

"4 நிமிஷம்னு போட்டிருந்துச்சு. 9 நிமிஷம் கழிச்சு வர்றியே!" என்று ஏறும்போதே சிலர் திட்டுவது உண்டு. அந்த 4 நிமிடத்தைச் சொன்னது டிரைவர் அல்ல. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. சொன்னது கம்ப்யூட்டர். திட்டு வாங்குவது அவர்.

நிமிடக் கணக்கு அவருக்குச் சாட்டையாகிவிடக் கூடாது. கணக்கைக் காப்பாற்ற அவர் சிக்னலைத் தாண்டினால், ஆபத்து அவருக்கு மட்டும் அல்ல. உள்ளே இருக்கும் பயணிக்கும்தான். அதனால் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்ல டிரைவருக்கும் ஒரு வழி வேண்டும். "நெரிசல்", "கேட் மூடியிருக்கிறது", "கேஸ் பங்க்கில் வரிசை" என்று தயாராக உள்ள பொத்தான்களில் ஒன்றை, வண்டி நிற்கும்போது மட்டும் அழுத்தும்படி வைக்கலாம். "டிரைவர் 9 நிமிடத்தில் வருவார், கேட் மூடியிருக்கிறது" என்று பயணி படித்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

டிரைவரின் விவரங்களும் விவரங்களே. வண்டி எண், பெயர், படம் ஆகியவை பயணியின் வீட்டாருக்குத் தெரிய வேண்டியவை. அவருடைய சொந்த போன் எண் தெரிய வேண்டியது இல்லை. பயணம் முடிந்த பிறகும் அவர் எங்கே போகிறார் என்று யாரும் பார்க்கும்படி இருக்கக் கூடாது.

கர்நாடகத்தில் 2025-ம் ஆண்டு, செயலி வழியே வேலை பார்க்கும் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு மற்றும் நலச் சட்டம் வந்தது. கம்ப்யூட்டர் மூலம் தானாகக் கண்காணித்து முடிவு எடுக்கும் முறைகள் பற்றித் தொழிலாளருக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு அதில் நிறுவனங்களுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஆட்டோ டிரைவர்கள் சங்கத்தின் ஒத்துழைப்புடன் 2022-ம் ஆண்டு நவம்பரில் பெங்களூருவில் தொடங்கிய "நம்ம யாத்ரி" செயலி, தன் மென்பொருளை யாரும் பார்க்கும்படி வெளியிட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. நிமிடம் எப்படி வருகிறது என்பது ஓட்டுபவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

இரவு 12 மணிக்குக் கடைசிச் சவாரியை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் டிரைவருக்கும் மனைவி காத்திருப்பார். பயணிக்கு இருக்கும் அதே பொத்தான் டிரைவருக்கும் இருக்க வேண்டும். "கடைசிச் சவாரி முடிந்தது, வந்துகொண்டிருக்கிறேன்" என்ற செய்தியை எதிர்பார்க்கும் உரிமை அந்த அம்மாளுக்கும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

செயலி திருந்தும் வரை காத்திருக்கத் தேவை இல்லை. இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

ஏறும் முன் வண்டி எண்ணையும் டிரைவரின் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் ஏறாதீர்கள். 4 இலக்க எண்ணை உட்கார்ந்த பிறகு சொல்லாமல், சரிபார்த்த பிறகு சொல்லுங்கள்.

லிங்க்கை ஒருவருக்கு அல்ல, இருவருக்கு அனுப்புங்கள். அவர்களில் ஒருவராவது விழித்திருப்பவராக இருக்கட்டும். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவருக்கு, "ஏறியாச்சு, 11-30-க்குள் வருவேன்" என்று ஒரு போன். அரை நிமிடம் கூட ஆகாது. நேரத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள்.

செல்போனில் சார்ஜ் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். சார்ஜ் தீர்ந்தால் எல்லா வசதியும் தீர்ந்தது. ஆபத்து என்று தோன்றினால் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிமிடம் கூடுவதைப் பார்த்ததும் பதறாதீர்கள். கார் எந்தச் சாலையில் இருக்கிறது என்று பாருங்கள். அது வழக்கமான வழி என்றால், பெரும்பாலும் நெரிசல்தான் காரணம்.

இரண்டு வரி போதும்

ஸ்ரீராமபுரத்து வீட்டுக்குத் திரும்புவோம்.

அன்று இரவு 10-25 மணிக்கு அப்பாவின் பட்டன் போனுக்குத் தமிழில் ஒரு வரி வந்திருக்கலாம். கார் புறப்பட்டது, 11-10 முதல் 11-30-க்குள் வரும் என்று. சில்க் போர்டில் கார் நின்றபோது, "நெரிசல், 11-30 ஆகலாம்" என்று இன்னொரு வரி வந்திருக்கலாம். அம்மா மகனை இரண்டு தடவை எழுப்பியிருக்க வேண்டியது இல்லை. அப்பா மூன்று தடவை தெருமுனைக்குப் போயிருக்க வேண்டியது இல்லை.

11-20 மணிக்கு ஒரே ஒரு தடவை போயிருப்பார். மகள் காரில் இருந்து இறங்கும்போது அவளுடைய பையை வாங்கிக்கொள்வதற்கு.